அதிரடித் தலைவர் வேண்டும் என்று நம்மவர்கள் கேட்பது அடிமைப் புத்தியா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே கேள்விதான். உங்கள் தந்தையும் பெரியப்பாவும் வீட்டு விசேஷங்களில் கூடும்போதெல்லாம், யாருக்கும் அஞ்சாமல் சட்டென்று முடிவெடுக்கிற ஓர் ஆள் வந்தால்தான் இந்த நாடு உருப்படும் என்று பேசுகிறார்கள். சிங்கப்பூரின் லீ குவான் இயூவையும் நம் மலேசியாவின் அந்தக் காலப் பிரதமர் மகாதீரையும் உதாரணம் காட்டுகிறார்கள். துரைக்கும், அலுவலக எழுத்தரான கிராணிக்கும், கங்காணிக்கும் அடங்கியே இரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்ததால் வந்த அடிமைப் புத்திதானே இது என்று நீங்கள் கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மக்கள் ஏன் இத்தகைய தலைவரை விரும்புகிறார்கள் என்பது ஒன்று. அந்த விருப்பம் தோட்டத்திலிருந்து வந்ததா என்பது இன்னொன்று. அப்படி ஒருவர் வந்தால் நினைத்த காரியம் நடக்குமா என்பது மூன்றாவது. நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வசிப்பவன். ஆறாம் படிவத்தில் வரலாறும் பொதுப்பாடமும் நெடுங்காலம் கற்பித்தவன். ஓய்வு பெற்ற பிறகு, சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்களுக்கு விண்ணப்பங்களும் முறையீடுகளும் எழுதித் தருகிறேன். வரலாற்றைப் பற்றிச் சொல்வது படிப்பிலிருந்து, மக்களின் மனத்தைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையிலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். இந்த விருப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. நாடாளுமன்றத்தையும் தேர்தலையும் பொருட்படுத்தத் தேவையில்லாத ஒரு வலிமையான தலைவர் இருப்பது நல்லதா என்ற கேள்வியை, உலக விழுமிய ஆய்வு என்ற பன்னாட்டுக் கருத்துக்கணிப்பு பல பத்தாண்டுகளாகப் பல நாடுகளில் கேட்டு வருகிறது. தோட்டத்தையே கண்டிராத நாடுகளிலும், நெடிய மக்களாட்சி மரபுள்ள நாடுகளிலும் கணிசமானோர் நல்லதென்றே சொல்கிறார்கள். அவர்களில் பலர் அதே தாளில், மக்களாட்சி முறையும் நல்லதென்று பதில் எழுதுகிறார்கள். இதைக் குழப்பம் என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாக்குரிமையை விட்டுக்கொடுக்க அவர்கள் கேட்கவில்லை. வாக்களித்த பிறகு ஏதாவது நடக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். குறைவாகப் படித்தவர்களிடம் இந்த விருப்பம் சற்றுக் கூடுதலாக இருப்பதும் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அது படிப்பின்மையால் வந்ததா, அல்லது படிக்காதவர்களே அரசு அலுவலகங்களில் அதிகம் அலைக்கழிக்கப்படுவதால் வந்ததா என்பதைக் கருத்துக்கணிப்பை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

அடிமைப் புத்தி என்ற விளக்கம் வரலாற்றின் முன் நிற்கவில்லை என்பது என் துணிபு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.எச். நாதன் முதலானோர் முன்னின்ற அந்தப் போராட்டத்தில், சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பவற்றோடு, வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார்; இராணுவம் இறக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்பதற்காகத் துப்பாக்கியின் முன் நின்றவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அடிமைப் புத்தி இரத்தத்தில் ஊறியது என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டதும் இதே மக்களின் வரலாறுதான்.

இன்னும் பக்கத்தில், எங்கள் ஊரையே பாருங்கள். ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த சாமிவேலு 1974 முதல் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். அதிரடிப் பேச்சுக்கும் அதட்டலுக்கும் பெயர்போன அவரை எட்டுத் தேர்தல்களில் தேர்ந்தெடுத்த ஊர், 2008 மார்ச் 8 அன்று அவரைத் தோற்கடித்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் கோலாலம்பூரில் இந்து உரிமை இயக்கமான இண்ட்ராப்பின் பேரணி நடந்ததும், அதன் தலைவர்கள் ஐவர் விசாரணையின்றிச் சிறைவைக்கும் இசா சட்டத்தில் அடைக்கப்பட்டதும் மக்களின் மனத்தை மாற்றியிருந்தன. வென்றவர் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ்; நுரையீரல் மருத்துவர்; குரலை உயர்த்தாமல், கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடப்பவர். அதே வாக்காளர்கள்தாம் இருவரையும் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே அடங்கிப் போகும் குணம் என்று ஒன்று நிரந்தரமாக இருப்பதாகச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

ஆனால் உங்கள் ஐயத்தில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. தோட்டத்தில் வீடு, வேலை, மருத்துவ அறை, பால்வாடி, கோயில் திருவிழாவுக்கு விடுமுறை என்று எல்லாமே ஒரே மனிதரின் தலையசைப்பில் இருந்தன. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதிலிருந்து, ஓய்வு பெற்றவர் எந்தத் தேதிக்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது வரை. உரிமை என்று எழுதி வைத்ததைக் கேட்பதைவிட, சரியான ஆளைப் பிடித்துக் காரியம் முடிப்பதே வேகமான வழி என்ற பாடத்தை அந்த வாழ்க்கை கற்றுக்கொடுத்தது. நான் எழுதித் தரும் விண்ணப்பங்களில் இன்றும் பெரியவர்கள், சட்டப் பிரிவைக் குறிப்பிடுவதைவிட, 'ஐயா பார்த்துச் செய்ய வேண்டும்' என்ற வரியைச் சேர்க்கும்படிதான் வற்புறுத்துவார்கள். இது பழக்கம். பழக்கத்துக்குக் காரணமான சூழ்நிலை மாறினால் பழக்கமும் மாறும் என்பதால்தான் நான் அதைப் புத்தி என்று அழைக்கத் தயங்குகிறேன்.

அந்த விண்ணப்பங்களை எழுதும்போது கேட்டவற்றிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. மக்கள் கேட்பது கடுமையை அல்ல. காத்திருப்புக்கு ஒரு முடிவை. மழைக்காலத்தில் ஒரு சாக்கடை நிரம்பி வீடுகளுக்குள் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலம் தோட்ட நிறுவனத்துடையது, ஆகவே எங்கள் பொறுப்பில்லை என்று ஓர் அலுவலகம் சொல்லும். சாக்கடை பெரிய கால்வாயில் சேர்வதால் அது வேறொரு இலாகாவின் வேலை என்று நிறுவனம் சொல்லும். அந்த இலாகா, சாலையோரம் என்பதால் மூன்றாவது இலாகாவுக்குக் கடிதம் எழுதச் சொல்லும். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரப்படும் சிவப்பு அடையாள அட்டையை வைத்திருப்பவர்களின் கதை இதைவிட நீளம். இந்த மண்ணில் பிறந்தும், லயத்தில் மருத்துவச்சியின் கையில் பிறந்ததால் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலே வராமல் முதுமை அடைந்தவர்கள் எல்லா வட்டாரத்திலும் இருக்கிறார்கள். முடியாது என்றாவது ஒருவன் சொல்லித் தொலைக்கட்டும் என்று அவர்கள் சொல்லும்போது, அந்த ஒருவன்தான் உங்கள் பெரியப்பா தேடுகிற தலைவர் என்று எனக்குத் தோன்றும். இது என் வட்டாரத்தில் கண்டதை வைத்து நான் வந்த முடிவு. எல்லா நாட்டு மக்களுக்கும் இதுவே காரணம் என்று நான் வாதிட மாட்டேன்.

இந்த ஏக்கம் எப்போது பெருகுகிறது என்பதில் ஓரளவு தெளிவு உண்டு. ஆட்சியில் இருப்பவர்கள் தங்களுக்குள் இழுபறியில் இருக்கும்போதும், அதன் விளைவை மக்கள் நேரடியாக அனுபவிக்கும்போதும் அது பெருகும். இலங்கையில் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்கு முன்பே எச்சரிக்கைத் தகவல் வந்திருந்தது. அதிபரும் பிரதமரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத நிலையில் அது கிடப்பில் கிடந்தது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில், உறுதியான தலைவர் என்ற பெயரோடு நின்ற கோத்தபாய ராஜபக்ச 52 விழுக்காட்டுக்கும் சற்று மேலான வாக்குகளுடன் வென்றார். நம் நாட்டிலும், 2018-இல் தேர்ந்தெடுத்த ஒரே நாடாளுமன்றத்திலிருந்து 2022-க்குள் மூன்று பிரதமர்கள் வந்து போனார்கள். அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் ஒட்டுக்கடைகளில் மகாதீரின் முதல் ஆட்சிக்காலத்தைப் புகழ்ந்து பேசும் குரல் உரத்தது. இரண்டாம் முறை பிரதமராகிப் பதவி விலகியவரும் அவரே என்பதை நினைவூட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இனி மூன்றாவது கேள்வி: அதிரடி பலன் தருமா? இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1948 ஜூன் 16 அன்று இதே சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டிஷ் அரசால் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து, 1951 அக்டோபரில் பிரேசர் மலைக்குப் போகும் வழியில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி கொல்லப்பட்டார். 1952 தொடக்கத்தில் அவருடைய இடத்துக்கு ஜெனரல் டெம்ப்ளர் வந்தார். ஆட்சிப் பொறுப்பும் இராணுவ நடவடிக்கைப் பொறுப்பும் ஒரே கையில் தரப்பட்டன. தஞ்சோங் மாலிமுக்கு அருகே தாக்குதல் நடந்தபோது அந்த ஊருக்கே 22 மணி நேர ஊரடங்கு போட்டு அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார். அதன் பிறகு போரின் போக்கு மாறியது. அதிரடித் தலைவருக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது என்றுதான் நானும் மாணவனாக இருந்தபோது படித்தேன்.

ஆனால் நிகழ்ச்சிகளைத் தேதிவாரியாக அடுக்கினால் படம் மாறுகிறது. காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த மக்களைப் புதுக்கிராமங்களில் குடியேற்றி, கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகும் வழியை அடைக்கும் திட்டம், 1950-இல் வந்த ஜெனரல் பிரிக்ஸ் வகுத்தது. டெம்ப்ளர் வந்து இறங்குவதற்குள் நான்கு இலட்சம் பேர் அளவுக்கு அப்படிக் குடியேற்றப்பட்டிருந்தார்கள். தோட்டத்து லயங்களும் முள்வேலிக்குள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு வந்தன. பொதுமக்களைப் பாதிக்கும் தாக்குதல்களைக் குறைக்கும்படி கம்யூனிஸ்ட் கட்சியே 1951 அக்டோபரில் தன் ஆட்களுக்கு உத்தரவு அனுப்பியிருந்தது. கொரியப் போரால் இரப்பர் விலை ஏறி அரசின் கையில் பணமும் இருந்தது. போர் திரும்பியது டெம்ப்ளருக்கு முன்பே என்று கார்ல் ஹேக் போன்ற வரலாற்றாய்வாளர்கள் வாதிடுகிறார்கள். மக்களின் நம்பிக்கையைத் திருப்பியதில் டெம்ப்ளரின் தலைமைக்கு உண்மையான பங்கு உண்டு என்று குமார் இராமகிருஷ்ணா போன்றோர் மறுக்கிறார்கள். இந்த வாதம் இன்னும் தீரவில்லை. பிரிக்ஸ் பெரும்பாலான வேலையை முடித்துக்கொண்டு 1951 இறுதியில் பதவி விலகினார், அவருடைய பெயரை எங்கள் ஊரில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது என்பது மட்டும் உறுதி.

உங்கள் தந்தை மகாதீரைச் சொல்லும்போது அநேகமாக 1998-ஐ நினைத்துத்தான் சொல்வார். ஆசிய நாணய நெருக்கடியில் ரிங்கிட் சரிந்தபோது, அனைத்துலகப் பண நிதியத்தின் கடனை ஏற்காமல், செப்டம்பர் 1 அன்று மூலதனக் கட்டுப்பாட்டை அறிவித்து, மறுநாள் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று மதிப்பைக் கட்டிவைத்தார்கள். வல்லுநர்கள் பலர் நாடு அழியும் என்றார்கள்; அழியவில்லை. இது நாட்டை மீட்டது என்று பொருளாதார அறிஞர்கள் கப்லானும் ரோட்ரிக்கும் புள்ளிவிவரத்தோடு எழுதியிருக்கிறார்கள். கட்டுப்பாடு போடாத தென்கொரியாவும் தாய்லாந்தும் 1999-இல் எழுந்து நின்றுவிட்டனவே என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். துணிச்சலான முடிவு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அது ஒரு மனிதரின் தலையில் இரவோடு இரவாக உதித்ததென்று நினைப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. அந்த ஆண்டு ஜனவரி முதல் தேசியப் பொருளாதார நடவடிக்கை மன்றம் மாதக்கணக்கில் கூடிப் பேசியிருந்தது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் முன்னாள் அதிகாரி நோர் முகமட் யாக்கோப், நாணயச் சந்தை எப்படி இயங்குகிறது என்று பிரதமருக்குப் படிப்படியாக விளக்கியிருந்தார். மேடையில் தெரிந்தது ஒரு கை. பின்னால் ஒரு மேசையும் பல நாற்காலிகளும் இருந்தன.

அதே கை என்னென்ன செய்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். 3.80 அறிவிக்கப்பட்ட அதே செப்டம்பர் 2 அன்று துணைப் பிரதமர் அன்வார் பதவி நீக்கப்பட்டார். 1987 அக்டோபரில் ஒப்பராசி லாலாங் என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றி அடைக்கப்பட்டு மூன்று நாளிதழ்கள் நிறுத்தப்பட்டதும், 1988-இல் நாட்டின் தலைமை நீதிபதி சாலே அபாஸ் பதவி பறிக்கப்பட்டதும் அந்த ஆட்சியில்தான். நல்ல முடிவை மட்டும் அதிரடியாக எடுத்துவிட்டு, கெட்ட முடிவில் தயங்கி நிற்கும் தலைவர் ஒருவரைத் தேர்தலில் வரவழைக்க வழியில்லை. தடுக்கும் அமைப்புகளை இரண்டுக்கும் சேர்த்தே பலவீனமாக்க வேண்டியிருக்கிறது.

லீ குவான் இயூவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சிங்கப்பூர் ஒரு நகரம். அதன் அளவுகோலை நம் நாட்டின் மேல் வைப்பது பெரும்பாலும் வீண் வேலை. 1959 முதல் 1990 வரை ஆண்ட அவருடைய உறுதியை யாரும் மறுக்க முடியாது. எனினும் பொருளாதாரத்தை வடிவமைத்தது கோ கெங் சுவீ. வெளியுறவை வளர்த்தது நம் சிரம்பானில் வளர்ந்த ராஜரத்தினம். ஊழல் தடுப்புப் பணியகமோ 1952-இலேயே பிரிட்டிஷ் ஆட்சியில் தொடங்கியது. 1963-இல் எதிர்க்கட்சியினரும் தொழிற்சங்கத்தினரும் விசாரணையின்றி அடைக்கப்பட்டதையும், அவர்களில் சிலர் மிக நீண்ட காலம் உள்ளே இருந்ததையும் புகழ்பவர்கள் சொல்வதில்லை.

மேசையும் நாற்காலிகளும் இல்லாமல் எடுக்கப்பட்ட அதிரடி முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு மீண்டும் இலங்கைக்குத்தான் போக வேண்டும். அதிபரின் அதிகாரத்தைக் குறைத்திருந்த 19-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 2020 அக்டோபரில் 20-ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்து, 2021 ஏப்ரலில், நாடு முழுவதும் இரசாயன உரம் இனி இறக்குமதி ஆகாது என்று அறிவிக்கப்பட்டது. செம்பனையிலோ பால்மரத்திலோ வேலை செய்த எவரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள்; மாற்று உரம் எங்கே, எத்தனை பருவத்தில் மாறப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார். விவசாய வல்லுநர்களும் தேயிலைத் துறையினரும் அதையேதான் கேட்டார்கள். கேட்க வேண்டிய கட்டாயம் அதிபருக்கு இல்லாமல் போயிருந்தது. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது நெல் விளைச்சல் கெட்டிருந்தது. மலையகத்தில் நம் உறவுகளின் கொழுந்துக் கூடை இலேசாகியிருந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்டுவதை நிறுத்தியது. ஜூலையில் கோத்தபாய நாட்டைவிட்டு வெளியேறினார். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, வரிக் குறைப்பு, கொரோனா என்று வேறு காரணங்களும் இருந்தன. எல்லாப் பழியையும் உரத்தின் மேல் போடுவது சரியாகாது. உரத்தடை மட்டும் யோசித்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியது.

விரைவு தேவைப்படும் இடங்கள் இல்லையா என்றால், உண்டு. வெள்ளம் வந்தால் படகை எங்கே அனுப்புவது என்று குழு அமைத்துப் பேச முடியாது. அங்கே ஒருவர் உத்தரவிட வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். ஆனால் தோட்டத்து மக்களின் வாழ்க்கையை மாற்றிய பெரும்பாலானவை மெதுவாக வந்தவை. குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் மறியல் செய்து, மனுக் கொடுத்து, 2011-இல் சட்டமாகி, 2013 ஜனவரியில் தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட் என்று தொடங்கியது. முதலாளிகளும் தொழிலாளர்களும் அரசும் உட்கார்ந்து பேசும் ஓர் ஆலோசனை மன்றம் அதை மறுஆய்வு செய்கிறது. 2022 மே மாதம் 1,500, 2025 பெப்ரவரியில் 1,700. ஒவ்வொரு முறையும் அறிவித்த பிரதமரின் படம் பத்திரிகையில் வந்தது. பிரதமர்கள் மாறியும் சம்பளம் இறங்காததற்குக் காரணம் அந்த மன்றமும் சட்டமும்.

வீட்டில் இதை எப்படிப் பேசுவது என்று நீங்கள் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அடிமைப் புத்தி என்ற சொல்லை மட்டும் அவர்கள் முன் எடுக்காதீர்கள். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. அந்தத் தலைவர் வந்தால் முதலில் எந்தக் காரியத்தை முடிக்க வேண்டும் என்று உங்கள் பெரியப்பாவிடம் கேளுங்கள். என் அனுபவத்தில், பெரும்பாலோர் நாட்டைப் பற்றித் தொடங்கி, இரண்டாவது மூன்றாவது வாக்கியத்தில் ஒரு வீட்டு மனைப் பட்டாவுக்கோ, பேருந்து வராத சாலைக்கோ, மகனின் உபகாரச் சம்பளத்துக்கோ வந்துவிடுவார்கள். அந்த இடத்திலிருந்து பேசினால், இதற்குப் பிரதமரா வேண்டும், ஊர் மன்றத்தில் ஒருவர் போதாதா என்று கேட்க முடியும்.

ஊர் மன்றம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைப் பலரும் மறந்துவிட்டார்கள். நம் நாட்டில் ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்த காலம் உண்டு. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் அது தற்காலிகமாக நிறுத்தப்பட்டது; அதுவும் ஓர் அதிரடி முடிவுதான். அதை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை, 1976-இன் ஊராட்சிச் சட்டம் அதை நிரந்தரமாக மூடியது. சாக்கடைக்குப் பதில் சொல்ல வேண்டிய உறுப்பினரை மக்கள் தேர்ந்தெடுக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது என்பதால்தான் எல்லாக் குறையும் மேலே ஏறிப் பிரதமரின் வலிமையைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது என்பது என் ஊகம். ஊகம் என்று அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு எதிரான ஓர் உதாரணம் பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது. பிலிப்பீன்சில் மேயர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்; 2016-இல் அதிபரான டுட்டெர்ட்டே, டாவோ நகரத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயராக இருந்து சேர்த்த அதிரடிப் புகழோடுதான் நாட்டைக் கேட்டு வந்தார்.